தாய்மாமன் லேயர்

கணவனின் கை உடைந்துவிட்டது என்று போன் வந்தபோது மாரீஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம்தான். போட்டோ பேப்பர் வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டுக் கிளம்பிய வைகுண்டராஜ், கூட்டாளிகளோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போயிருந்தான். பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கி, உடம்பின் மொத்தப் பாரமும் வலது கை மேல் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அவன் ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் டிசைன் கடை வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, நினைவு நாள் என்று எதற்கும் பேனர் வடிவமைத்துக் கொடுப்பான். அச்சடிப்பது அடுத்த தெருவில் இருந்த மெஷின்காரர். மாரீஸ்வரி தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து அவன் பைக்கில் கூடவே வந்து ஆர்டர் எடுப்பாள், பெயர்களில் எழுத்துப் பிழை பார்ப்பாள், அச்சாகி வந்த பேனரின் ஓரத்தை மடித்துக் கயிறு கட்ட வளையம் அடிப்பாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது கிடையாது. அந்த நாற்காலி அவனுடையது.

ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். ஊரில் இருந்த டிசைன் ஆட்கள் ஒருவரும் ஓய்வாக இல்லை. இடது கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தான் வைகுண்டராஜ். அம்புக்குறி திரையின் நான்கு மூலைக்கும் ஓடியது. அன்று மாலைதான் அந்த முடிவுக்கு வந்தான்.

"நான் சொல்லச் சொல்ல நீ செய்யி மாரி. மவுஸப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதும், மத்த அம்புட்டும் என் தலைக்குள்ள இருக்கு."

அவன் தலைக்குள் இருந்தது உண்மைதான். அது வெளியே வருவதில்தான் சிக்கல்.

முதல் ஆர்டர் வன்னியம்பட்டி பால்ச்சாமியுடையது. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் காதணி விழா. ஒரு பெண், ஒரு பையன். ஊர் முகப்பில் வைக்கப் பெரிய பேனர் வேண்டும் என்று சொல்லி, சொந்தக்காரர்களின் படங்களை எல்லாம் போனில் அனுப்பியிருந்தார். நடுவில் பிள்ளைகள், கீழே வரிசையாகச் சொந்தங்கள், மேலே இரண்டு பக்கமும் இரண்டு தாய்மாமன்கள். மூத்தவன் சோணைமுத்து ராணுவத்தில் இருந்தான், இப்போது லீவில் வந்திருந்தான். இளையவன் வல்லரசு போலீஸ். தாய்மாமன்கள் படம் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று பால்ச்சாமி இரண்டு முறை சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு படத்திலிருந்தும் ஆளை மட்டும் வெட்டி எடுத்து பேனரில் வைக்க வேண்டும். அதுதான் வேலை. வைகுண்டராஜ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

எடுத்த எடுப்பில், வெட்டுவதற்கு லாசோவை எடு என்றான். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இடது பக்கம் கயிறு மாதிரி இருக்கும் என்றான். கயிறு மாதிரி அங்கே எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக அவன் அந்தச் சின்னத்தைப் பார்த்ததே கிடையாது, கீபோர்டில் ஒரு எழுத்தை அமுக்கியே பழக்கம். எந்த எழுத்து என்று கேட்டால் அதுவும் சட்டென்று சொல்ல வரவில்லை. மாவுக்கட்டுக்கு வெளியே இருந்த விரல்களை மேஜை மேல் அசைத்துப் பார்த்துவிட்டு, எல் என்றான்.

லாசோ வந்தது. பட்டனை அமுக்கியபடி ஆளின் ஓரமாகவே மவுஸை நகர்த்த வேண்டும், புறப்பட்ட இடத்துக்கு வந்த பிறகுதான் பட்டனை விட வேண்டும். பால்ச்சாமியின் அப்பாவை முதலில் எடுத்தாள். தோளில் ஆரம்பித்துக் காது வரை வந்தபோது விரல் களைத்துப் பட்டனை விட்டுவிட்டாள். உடனே திரையில் ஒரு கோடு காதிலிருந்து தோளுக்குக் குறுக்கே ஓடி ஒட்டிக்கொண்டது. பெரியவருக்குப் பாதி முகம்தான் தேறியது. திரும்பவும் ஆரம்பித்தாள். இந்த முறை உச்சந்தலை வரைக்கும் நன்றாகப் போனது, அப்புறம் பட்டனிலிருந்து விரல் நழுவியது.

"விடாத. நான்தான் சொன்னேன்ல, விடாத."

"நான் விடல. அதுவா விடுது."

"அது எப்படிட்டி தானா விடும்?"

வேறு வழியாகப் பார்க்கலாம் என்று மேஜிக் வாண்டை எடுக்கச் சொன்னான். பின்னணியில் ஓர் இடத்தைத் தொட்டால் அதே நிறத்தில் உள்ள எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொள்ளும், அழித்துவிட்டால் ஆள் மட்டும் நிற்பான் என்றான். மாரீஸ்வரிக்கு உயிர் வந்தது. சோணைமுத்துவின் படத்தைத் திறந்தாள். அவன் பச்சை மரங்களுக்கு முன்னால் பச்சை யூனிபார்மில் நின்றுகொண்டிருந்தான். மரத்தைத் தொட்டு அழித்தாள். மரத்தோடு யூனிபார்மும் போய், ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் நின்றன. வல்லரசுவின் படம் அதைவிட மோசம். கல்யாண மண்டபத்து வெள்ளைச் சுவரில் சாய்ந்து வெள்ளைச் சட்டையோடு எடுத்த படம் அது. சுவரைத் தொட்டதும் சட்டை, காலர், ஒரு பக்கத்துப் பல் எல்லாம் சேர்ந்து மறைந்தன.

வைகுண்டராஜ் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

அன்றும் அடுத்த நாளும் இதே பாடுதான். வெட்டியதை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று நகர்ந்தது. பாட்டியைச் சின்னதாக்கப் போனால் பின்னணியில் இருந்த பூ மாலை சின்னதானது. "லேயரப் பாரு, லேயரப் பாரு" என்று அவன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். லேயர் என்றால் என்ன என்று அவள் கேட்டதற்கு, "அதான், ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும்ல, அது" என்றான். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் நிறம் பூசுகிற பிரஷ் வேலை செய்யாமல் போனது. பேனரின் மேல் ஓரத்தில் மஞ்சள் பூச வேண்டும். அவ்வளவுதான், எளிதான வேலை. அவள் நிறத்தை எடுத்து இழுத்தாள். ஒன்றும் விழவில்லை. பிரஷைப் பெரிதாக்கி இழுத்தாள், நிறத்தை மாற்றி இழுத்தாள், மவுஸைக் கழற்றி மாட்டி இழுத்தாள். பேனர் அப்படியே இருந்தது. வைகுண்டராஜ் அப்போது வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். கூப்பிட்டாள். வந்து ஒரு பார்வை பார்த்தவன், படத்தின் ஒரு மூலையைக் காட்டினான். அங்கே எறும்பு ஊர்வது போல ஒரு புள்ளிக்கோடு, கடுகளவு வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ கைதவறிப் போட்ட தேர்வு அது.

"அந்த வட்டத்துக்குள்ளதான் பெயிண்ட் விழும். இது கூடவா கண்ணுக்குத் தெரியல? சின்னப் பிள்ளைக்குத் தெரியும்."

மாரீஸ்வரி எழுந்தாள். கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். இது எனக்கு வராது, உங்கள் கை சரியாகும் வரை கடையைப் பூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் தெருவில் இறங்கி நடந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. கண் தெரியவில்லையா என்று கேட்டதற்காக அல்ல. கடுகளவு வட்டத்துக்கு ஒரு காலையையே கொடுத்துவிட்டோமே என்றுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. தேரடிக்குப் பக்கத்து மாடியில் ஷெரின் என்ற பெண் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மாரீஸ்வரி தையல் கற்கப் போன காலத்தில் பழக்கமான ஒருத்தியின் மகள் அங்கே படித்திருந்தாள். அந்தப் பழக்கத்தில் படி ஏறிவிட்டாள். ஷெரினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அடுத்த வகுப்புக்கு ஆட்கள் வரும் வரை நேரம் இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டாள். மாரீஸ்வரி எல்லாவற்றையும் கொட்டினாள். கயிறு, மந்திரக்கோல், பல் போன போலீஸ்காரன், பெயிண்ட் விழாத பிரஷ். ஷெரின் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் அவளை உட்காரவைத்து, மவுஸைத் தூரமாகத் தள்ளி வைத்தாள்.

"கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்தப் பாருங்கக்கா. எந்த லேயர்ல நிக்கிறீங்க. எதத் தேர்வு பண்ணி வச்சிருக்கீங்க. இந்த ரெண்டும் தெரியாம மவுஸத் தொடாதீங்க."

லேயர் என்பது கண்ணாடித் தகடு என்றாள். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு தகட்டில் இருக்கிறார்கள். மேலிருந்து பார்ப்பதால் எல்லாரும் ஒரே படத்தில் நிற்பது போலத் தெரிகிறது. நீங்கள் பாட்டியின் தகட்டைத் தொடாமல் மாலையின் தகட்டைத் தொட்டுக்கொண்டு பாட்டியை இழுத்தால் மாலைதான் வரும். தேர்வு என்பது வரப்பு. வரப்புக்குள்தான் தண்ணீர் நிற்கும். வரப்புக் கட்டியதை மறந்துவிட்டு, வெளியே ஏன் தண்ணீர் பாயவில்லை என்று கேட்டால் எப்படி? வேலை முடிந்ததும் வரப்பை வெட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு விசை இருந்தது. கண்ட்ரோலும் டி-யும்.

கையை விடாமல் இழுக்கிற லாசோவை எடுக்கவே வேண்டாம் என்றாள் ஷெரின். அதன் பக்கத்திலேயே இன்னொரு லாசோ ஒளிந்திருந்தது. ஒரு புள்ளி தொட்டு, கொஞ்சம் நகர்ந்து இன்னொரு புள்ளி தொட்டு, எங்கே வேண்டுமானாலும் நின்று மூச்சு விட்டுக்கொண்டு போகலாம். பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. மாரீஸ்வரிக்குக் கோபம் கோபமாக வந்தது. இது இருக்கும்போது எதற்காக அந்த மனுஷன் என்னைப் படாதபாடு படுத்தினார் என்று கேட்டாள். ஷெரின் தோளைக் குலுக்கினாள். அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது, அதனால் சொல்லத் தோன்றியிருக்காது என்றாள்.

ஒரு பால்கோவா டப்பாவின் படத்தை வெட்டக் கொடுத்தாள். நேர்க்கோடு, எளிதாக வந்தது. பிறகு ஒரு கறுப்பு ஆட்டை. கொம்பில் மூன்று முறை தவறியது. நான்காவது முறை ஆடு முழுசாக வந்து இன்னொரு தகட்டில் நின்றது. அதற்குள் படிக்கட்டில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. ஷெரின் எழுந்துவிட்டாள். நாளைக்கும் வாங்கக்கா என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் காலையில் ஷெரினிடம் போய்விட்டு அதற்குப் பிறகு கடைக்கு வந்தாள். வைகுண்டராஜ் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டிருந்தான். சும்மா இருக்க அவனால் முடியவில்லை, அங்கே கொஞ்சம் பிசிறு இருக்கிறது, இங்கே தலை சாய்ந்திருக்கிறது என்று இடையிடையே சொன்னான். ஒன்றிரண்டு சரியாகவே இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பேனர் முடிந்தது. சொந்தங்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். வல்லரசு கூடச் சட்டையோடு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று வைகுண்டராஜ் கிளம்பிப் போயிருந்த நேரத்தில், மெஷின்காரர் அனுப்பச் சொல்லிப் போன் செய்தார். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்றாள். சேமிக்கட்டுமா என்றது. அதற்கும் சரி என்றாள். கரண்டு இல்லாததால் அன்று அச்சு ஓடவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று மெஷின்காரர் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடையைத் திறந்த சூட்டோடு பால்ச்சாமி வந்து நின்றார். முகம் சரியில்லை. பிள்ளைகள் இரண்டையும் சோணைமுத்து மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதாகப் பேசியிருந்தார்களாம். அப்படியானால் நான் எதற்கு என்று வல்லரசு கேட்டிருக்கிறான். வார்த்தை தடித்து, விழாவுக்கே வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டான்.

"வாரவன் வரட்டும், வராதவன் படம் எதுக்கு? அவன எடுத்துருங்க அண்ணாச்சி" என்றார் வைகுண்டராஜைப் பார்த்து.

அது ஒரு நிமிஷ வேலை என்றான் வைகுண்டராஜ். மாரீஸ்வரி கோப்பைத் திறந்தாள். வலது பக்கத்தில் லேயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பூட்டுப் படத்தோடு. மேலும் கீழும் தேடினாள். மூடித் திறந்தாள். ஒன்றுதான்.

வைகுண்டராஜ் அருகில் வந்து பார்த்தான். "எல்லாத்தையும் ஒட்டிட்டியேட்டி" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். பால்ச்சாமிக்குப் புரியவில்லை. அவனை மட்டும் எடுத்தால் போதுமே, எதற்காக இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். நாளைக்குள் தருகிறோம் என்று வைகுண்டராஜ் அவரை அனுப்பி வைத்தான்.

வல்லரசுவின் தோள், பின்னணியில் இருந்த கோபுரத்தின் மேலும் அத்தையின் தலை மேலும் ஒட்டியிருந்தது. அவனைச் சுரண்டி எடுத்தால் அத்தைக்குப் பாதித் தலைதான் இருக்கும். மறுபடியும் முதலிலிருந்து எல்லாரையும் வெட்ட வேண்டும். மாரீஸ்வரிக்கு மேஜையில் இருந்ததை எல்லாம் வாரி எறிய வேண்டும் போல இருந்தது. அதைச் செய்யாமல், வைகுண்டராஜை வெளியே போய் உட்காரச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் பேசல மாரி."

"பேச வேண்டாம். நீங்க பின்னால இருந்தாலே எனக்குக் கை ஓடல. செத்த நேரம் வெளிய இருங்க."

அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அன்று முழுக்க வெட்டினாள். தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா. ஒவ்வொரு லேயருக்கும் பெயர் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்த லேயரில் நிற்கிறோம், என்ன தேர்வில் இருக்கிறது என்று பார்த்தாள். பார்க்க மறந்த இடத்தில் தப்பு நடந்தது, திட்டிக்கொண்டே திருத்தினாள். விரும்பிச் செய்த வேலை அல்ல அது. கழுத்து வலித்தது, வலது கை ஆள்காட்டி விரல் மரத்துப்போனது. கடைசியில் வல்லரசு மட்டும் மிச்சம் இருந்தான். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்த வீட்டு ஆட்களை நம்ப முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு வந்து வேண்டும் என்பார்கள், இன்னொரு முறை என்னால் ஆகாது. வெள்ளைச் சுவரையும் வெள்ளைச் சட்டையையும் திட்டியபடி அவனையும் வெட்டித் தனி லேயரில் வைத்தாள். அந்த லேயரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கண் சின்னத்தைத் தொட்டாள். அவன் மறைந்தான்.

அவள் நினைத்தது நடந்தது. மறுநாள் காலை, வன்னியம்பட்டியிலிருந்து பால்ச்சாமியின் மனைவி இருளம்மாள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"எந்தம்பி வாரானோ வரலையோ, படத்துல இருக்கணும் தங்கச்சி. ஊர்க்காரங்க பேனரப் பாத்துட்டு, சின்ன மாமன் எங்கன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? அவன் இல்லாத பேனர் எனக்கு வேண்டாம். அவியகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மாரீஸ்வரி கண் சின்னத்தைத் தொட்டாள். கோபுரத்துக்கு முன்னால் வல்லரசு வந்து நின்றான். இருளம்மாள் வாயில் கை வைத்தாள். இன்னொரு தடவை பண்ணு என்றாள். தம்பி மறைந்தான். வந்தான். மறைந்தான். அந்தப் பெண்ணின் கண் கலங்கியதைப் பார்த்து மாரீஸ்வரி அவனை வரவழைத்து வைத்தாள். நீங்கள் இரண்டு பேரும் பேசி மத்தியானத்துக்குள் ஒரு முடிவைச் சொல்லுங்கள், வைப்பதும் எடுப்பதும் எனக்கு ஒரு தொடுதல்தான், ஆனால் மெஷின்காரர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். இருளம்மாள் தலையாட்டிவிட்டு, திரையைத் தன் போனில் வீடியோ எடுக்க வேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை அழித்துக் காட்டு என்று கேட்டாள். மாரீஸ்வரி அழித்துக் காட்டினாள். அங்கேயே நின்று அதைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு இருளம்மாள் கிளம்பினாள்.

வீடியோ சங்கதி காதுக்கு எட்டி, சிறிது நேரத்தில் பால்ச்சாமி போனில் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டுக் காட்டினீர்கள், குடும்ப விஷயத்தில் நீங்கள் எதற்குத் தலையிடுகிறீர்கள் என்று வைகுண்டராஜிடம் கத்தினார். அவர் பேசி முடிப்பதற்குள் சந்தில் பைக் வந்து நின்றது. யூனிபார்மில் வல்லரசு இறங்கினான். வைகுண்டராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே எழுந்து நின்றான்.

வல்லரசு நேராக உள்ளே வந்தான். தன்னை அழித்தது யார் என்று கேட்டான். நான்தான் என்றாள் மாரீஸ்வரி. படத்தைக் காட்டச் சொன்னான். காட்டினாள். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அவனுடைய விரல் திரையில் தன் முகத்துக்குப் போனது.

"இந்தப் பக்கத்து மீசை எங்க?"

வாசலில் நின்ற வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மாரீஸ்வரி உற்றுப் பார்த்தாள். உண்மைதான். முகம் ஒரு பக்கம் திரும்பிய படம். கன்னத்தைத் தாண்டி முறுக்கி நின்ற மீசை நுனி சுவரோடு சேர்ந்து போயிருந்தது. இரண்டு நாளாக அவளுக்குள் அடங்கிக் கிடந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது.

"வெள்ளச் செவுத்துல வெள்ளச் சட்டையோட சாஞ்சு நின்னா சட்டை எது, செவுரு எதுன்னு பாக்கவே கண்ணு பூத்துப் போகுது சார், இதுல மீசை நுனிய யாரு பாத்தா? உங்கள நான் ரெண்டு தடவ வெட்டிட்டேன். உங்க மச்சான் எடுங்கிறாரு, உங்க அக்கா வைங்கிறாங்க, நீங்க மீசை எங்கங்கிறீங்க. பிள்ளைக ரெண்டு, மாமன் ரெண்டு. ஆளுக்கு ஒரு பிள்ளைய மடியில வச்சா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்கு நான் மூணாவது தடவ வெட்டணும்?"

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வல்லரசு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வெளியே போய், பைக்கின் மேல் சாய்ந்து நின்று யாருக்கோ போன் போட்டான். பேச்சு கேட்கவில்லை. இரண்டு முறை "சரிக்கா" என்றது மட்டும் கேட்டது. திரும்பி வந்தவன், சின்னவன் என் மடியில், பெரியவள் அண்ணன் மடியில் என்றான், அதை மாரீஸ்வரிதான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது போல. பிறகு தயங்கி, படத்தை என்ன செய்வது என்று கேட்டான்.

மாரீஸ்வரி அவனைச் சந்துக்குக் கூட்டிப் போனாள். எதிர்க் கடை மூடியிருந்தது, ஷட்டர் நீல நிறம். அதற்கு முன்னால், அதில் சாயாமல், நான்கடி தள்ளி நிற்கச் சொன்னாள். முகத்தை நேராக வைக்கச் சொன்னாள். தொப்பியைப் போடச் சொன்னாள். தன் போனிலேயே படம் எடுத்தாள். காக்கியும் நீலமும் எங்கேயும் ஒட்டாமல் பிரிந்து நின்றன. இப்படி ஒரு படத்தை ஒருவரும் அவளுக்கு இதுவரை அனுப்பியதில்லை.

அவன் காத்திருக்க, மூன்றாவது முறையாக வெட்டினாள். மீசையின் இரண்டு நுனிக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் புள்ளி வைத்தாள். ஓரம் கத்தரித்தது போலத் தெரியாமல் இருக்க ஃபெதர் வைக்கச் சொல்லி வாசலிலிருந்து வைகுண்டராஜ் மெதுவாகச் சொன்னான். வைத்துவிட்டேன் என்றாள் திரும்பாமல். வல்லரசு உள்ளங்கையைத் திரையில் வைத்து அண்ணனையும் தன்னையும் அளந்து பார்த்தான். இருவரும் ஒரே அளவுதான் இருந்தார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் முதலில் லேயர்களோடு ஒரு பிரதியைச் சேமித்தாள், அது பத்திரமாக இருக்கிறதா என்று மூடித் திறந்து பார்த்தாள், அதற்குப் பிறகுதான் மெஷின்காரருக்கு வேண்டியதை அனுப்பினாள்.

விழாவுக்கு இருளம்மாள் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்ததால் இருவரும் வன்னியம்பட்டிக்குப் போனார்கள். ஊர் முகப்பிலேயே பேனர் நின்றது. வல்லரசு அதற்கு முன்னால் நின்று யார் யாரோடோ படம் எடுத்துக்கொண்டிருந்தான். பால்ச்சாமி இவர்களைப் பார்த்ததும் கும்பிட்டு, போனில் பேசியதை மனதில் வைக்க வேண்டாம் என்றார். மாரீஸ்வரி அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சோணைமுத்து இடுப்பில் கை வைத்து நின்றான். கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த முக்கோண இடைவெளியில் பழைய படத்தின் மரங்கள் அப்படியே பச்சையாக நின்றன. சுற்றிலும் ஆரஞ்சு வானம், அந்த ஒரு துண்டு மட்டும் காடு. வெளி ஓரத்தைத்தான் வெட்டியிருந்தாள், உள்ளே இருந்ததை மறந்துவிட்டாள்.

வேறு ஒருவருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் மாமன்கள் மடியில் உட்கார்ந்து அழுது முடித்தார்கள். இருளம்மாள் பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னாள். மாரீஸ்வரி இலையை விட்டுத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பந்தலுக்குள்ளிருந்து பார்த்தாலும் அந்தப் பச்சை முக்கோணம் தெரிந்தது.

திரும்பி வரும்போது வைகுண்டராஜிடம் சொன்னாள். பார்த்தேன் என்றான் அவன்.

"எப்பப் பாத்தீங்க?"

"கடையில வச்சே பாத்தேன். சொன்னா நீ பையத் தூக்கிட்டுப் போயிருவன்னு சொல்லல."

அவளுக்கு மண்டைக்குள் சூடேறியது. வேண்டாத நேரத்தில் எல்லாம் பேசிய ஆள், பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். இனி கண்ணில் படுவதைச் சொல்லிவிட வேண்டும், ஆனால் ஒரே தடவை மட்டும், அதுவும் வாசலில் இருந்து, என்று கறாராகச் சொன்னாள். அவன் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சரி என்றான்.

அடுத்த நாள் கடை திறந்ததும் பால்ச்சாமியின் கோப்பைத் திறந்தாள். சோணைமுத்துவின் லேயரில் நின்று, முக்கோணத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து, மரத்தை வெட்டி எடுத்தாள். தேர்வைக் கலைத்துவிட்டுச் சேமித்தாள். ஊர் முகப்பில் நிற்கும் பேனருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூடிவிட்டு, காத்திருந்த கல்யாண ஆர்டரைத் திறந்தாள். மலையடிவாரத்தில் எடுத்த படம். மணப்பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டு நிற்க, காற்றில் ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு பக்கம் பறந்துகொண்டிருந்தது. பின்னணியை மட்டும் மாற்றித் தரும்படி கீழே எழுதியிருந்தார்கள்.

மாரீஸ்வரி மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, ஷெரினுக்குப் போன் போட்டாள்.